குறைவது தண்ணீர் மட்டும்

எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இருந்த, பூ மாதிரி விரியும் கடல் சாமந்தி என்ற பிராணிக்கு நான் வைத்த பட்டப்பெயர் மாமியார். உட்கார்ந்த பாறையை விட்டு லேசில் நகராது. தண்ணீரில் சூடு கொஞ்சம் ஏறினாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். பக்கத்தில் போனால் கொட்டும். உண்மையான மாமியார் அப்போது உயிரோடு இருந்தார். அவரிடமே இதைச் சொன்னேன். "அதுக்குக் கொட்டுறதுக்கு நூறு கை இருக்கு மாப்பிள்ளை, எனக்கு ஒரே ஒரு வாய்தான்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தையும் நானும் அப்படித்தான், இரண்டு பேருக்கும் வாய் நீளம். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் என் மனைவி.

அவள் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறாள். நாள் முழுக்க "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, விடுங்க" என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லிவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் பேச வார்த்தை மிஞ்சாது. செருப்பைக் கழற்றியதும் தொட்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கூடத்துச் சுவரை ஒட்டி இருநூறு லிட்டர் தொட்டி. அதில் பாறைகள், இரண்டு கோமாளி மீன்கள், அவை நுழைந்து படுத்துக்கொள்ளும் அந்தச் சாமந்தி. விரல் விரலாக, நுனியில் குமிழ் வைத்து, செம்பு நிறத்தில் ஆடும். முழுக்க விரிந்தால் சாப்பாட்டுத் தட்டு அகலம் வரும். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் கிடைத்த நேரத்தையெல்லாம் அவள் அதற்குத்தான் கொடுத்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதையும் கேலியாகத்தான் சொல்வேன்.

அத்தை இறந்த மூன்றாவது மாதம் என் கூட்டாளிகள் இரண்டு பேர் குடும்பத்தோடு சாப்பிட வந்தார்கள். அன்று காலையிலிருந்து சாமந்தி ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. "இதுக்கு என்ன ஆச்சு?" என்று ஒருவர் கேட்டார். நான் கை கழுவிக்கொண்டே, "மாமியார் ரெண்டாவது தடவை கிளம்பறாங்க போல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பழம் நறுக்கி வைத்தாள், வந்தவர்களை வாசல் வரை போய் வழியனுப்பினாள், பாத்திரம் கழுவினாள். ஒரு மாதம் கழித்து, மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னாள்.

சண்டையே இல்லை. சண்டை என்றால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். இரண்டு பெட்டி, தையல் மெஷின், அத்தையின் படம், அவ்வளவுதான் எடுத்துக்கொண்டாள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அங்கே புதிதாக ஒன்று வைக்கப்போவதாகவும், ஆனால் புதுத் தொட்டியில் சாமந்தியை உடனே விட்டால் செத்துப்போகும் என்றும் சொன்னாள். தண்ணீர் பழுக்க வேண்டுமாம். பாறையில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியேறி, அழுக்கைத் தின்று, எல்லாம் ஒரு நிலைக்கு வர ஆறு மாதம் ஆகுமாம்.

"ஆறு மாசம் நீங்க பாத்துக்கணும். அப்புறம் நான் வந்து எடுத்துக்கறேன். எல்லாம் இதுல எழுதியிருக்கேன். கேலி பண்ணாம படிங்க" என்று ஒரு நாற்பது பக்க நோட்டை மேஜை மேல் வைத்தாள்.

இருபத்தாறு வருஷமாக அவள் என்னிடம் எதைப் பேசினாலும் "என்னங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். கேஸ் தீர்ந்தாலும் என்னங்க, காய்ச்சல் என்றாலும் என்னங்க. அன்று அந்த வார்த்தை வரவில்லை. ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

என் தொழிலைச் சொன்னால்தான் அடுத்து நடந்தது புரியும். நான் தராசு மெக்கானிக். கடை கடையாகப் போய், பெட்டியிலிருந்து எடைக்கற்களை எடுத்து தராசில் வைப்பேன். கையில் உள்ள பிசுக்குகூட எடையை மாற்றும் என்பதால் உறை போட்டுக்கொண்டுதான் கல்லைத் தொடுவேன். ஒரு கிலோ வைத்தால் ஒரு கிலோ காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஸ்க்ரூட்ரைவரை எடுப்பேன். அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்தே சாப்பிடுகிறவன். நோட்டைப் படித்த முதல் நாளே அதிலும் ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன்.

தொட்டிக்கு அடியில் இரண்டு கேன்கள் இருந்தன. வெள்ளைக் கேனில் வடிகட்டிய நல்ல தண்ணீர். நீலக் கேனில் உப்புக் கரைத்த தண்ணீர், லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம். கண்ணாடி ஓரத்தில் அவள் நகப்பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தாள். விளக்குச் சூட்டில் தினமும் மூன்று லிட்டர் வற்றும். கோட்டுக்குக் கீழே இறங்கினால் வெள்ளைக் கேனிலிருந்து ஊற்றச் சொல்லி எழுதியிருந்தாள். உப்புத் தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்? நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு நீர்த்துப்போகாதா? அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டாள் என்று தீர்மானித்து, 'வெள்ளை' என்பதை அடித்து, பக்கத்தில் சிவப்புப் பேனாவால் 'நீலம்' என்று எழுதினேன். ஒரு ரவுண்டும் போட்டேன்.

எட்டாவது நாள் சாமந்தி பாறை இடுக்குக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. கோமாளி மீன்கள் இரண்டும் படுக்க இடமில்லாமல் ஒரு மூலையில் நின்றன. உடனே அவளுக்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் வேலை உடுப்போடே வந்து நின்றாள்.

உப்பு பார்க்கும் கருவி என்று ஒன்று வைத்திருப்பாள். சின்ன டார்ச் மாதிரி இருக்கும். ஒரு முனையில் ஒரு சொட்டு விட்டு, மறு முனையில் கண்ணை வைத்து வெளிச்சத்தைப் பார்த்தால் உள்ளே ஒரு கோடு எண்ணைக் காட்டும். முப்பத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்பது. நோட்டைப் புரட்டினாள். என் சிவப்பு ரவுண்டைப் பார்த்தாள்.

"யார் திருத்தினது?"

"நான்தான். நீ மாத்தி எழுதிட்டேன்னு..."

"ஆவியாகிப் போறது தண்ணி மட்டும்தான். உப்பு எங்கயும் போகாது, உள்ளயேதான் இருக்கும். நீங்க அது மேல தினம் தினம் உப்பைக் கொட்டியிருக்கீங்க."

நாக்கு நுனி வரை ஒரு பதில் வந்தது, நல்ல பதில்தான். முதல் தடவையாக அதை முழுங்கினேன்.

அவள் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு, வெள்ளைக் கேனிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டாள். அவசரப்பட்டு இறக்கினால் அதுவே கொன்றுவிடும் என்றாள். மூன்று மணி நேரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றேன். அவள் பின்கழுத்து, முடியில் குத்தியிருந்த கறுப்பு கிளிப், ஒரு பக்கம் கசங்கிய காலர், இத்தனை வருஷத்தில் இவற்றை நான் நின்று பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்தபோது இல்லாத ஏக்கம் அன்று அவள் பக்கத்தில் இருக்கும்போதே வந்தது. மாலையில் சாமந்தி ஒரு விரலை நீட்டியது. அவள் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"இனிமே காலையில ஏழு மணிக்கு நம்பர் அனுப்பணும்" என்றாள்.

அனுப்பினேன். முதல் நான்கு நாள் ஒவ்வொன்றாக இறங்கியது, அப்புறம் தினமும் '35'. தினமும் அவளிடமிருந்து 'சரி'. அந்த இரண்டு எழுத்துக்காக நான் ஆறு மணிக்கே எழுந்துவிடுவேன். ஞாயிறு தவறாமல் அந்தக் கருவியில் சுத்தமான தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, பூஜ்யம் காட்டுகிறதா என்று சரிபார்ப்பேன். பம்பின் வாயில் ஸ்பாஞ்ச் உறை போட்டேன். இல்லாவிட்டால் சாமந்தி நகரும்போது அதை உள்ளே இழுத்து அரைத்துவிடும். வாரம் ஒரு தடவை கொண்டைக்கடலை அளவுக்கு இறால் துண்டு ஒன்று, அதற்கு மேல் ஆசைப்பட்டுக் கொடுத்தால் துப்பிவிடும். நோட்டு எனக்கு மனப்பாடம் ஆயிற்று. நான்காம் பக்கத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள்: 'சில நாள் காரணமே இல்லாமல் சுருங்கும். பழைய தண்ணீரை வெளியே தள்ளுகிறது. நம்பர் சரியாக இருந்தால் பயப்பட வேண்டாம். சாயங்காலத்துக்குள் விரிந்துவிடும்.' கூட்டாளிகள் வந்த அன்றும் அதுதான் நடந்திருக்கிறது. அன்று சாயங்காலம் அது விரிந்ததா என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான்கு மாதத்தில் சாமந்தி அவள் விட்டுப்போனதைவிடப் பெரிதாகிவிட்டது. படம் எடுத்து அனுப்பினால் 'நல்லா இருக்கு' என்பாள். நன்றாக இருந்தால் அவள் ஏன் வரப்போகிறாள்? நான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டதே எனக்கு வினையாக வந்து சேர்ந்தது.

மகளிடம் போனில் புலம்பினேன். "அம்மாவை வரச் சொல்லிக் கேட்டீங்களாப்பா?" என்றாள்.

"எப்படிம்மா கேக்கறது?"

"வாயாலதான். அதுதான் நீளமா இருக்கே."

என் பெண்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கேட்க முடியவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை கடைக்காரர்களையும் பேச்சிலேயே மடக்குகிறவனுக்கு, 'வா' என்ற ஒற்றை எழுத்து தொண்டையில் மாட்டிக்கொண்டது.

ஒரு திங்கட்கிழமை நீலக் கேனை எடுத்தேன். இந்தத் தடவை தெரிந்தே எடுத்தேன். செவ்வாயும் அதே. கருவி முப்பத்தாறு காட்டியது, நான் '35' என்று அனுப்பினேன். வியாழன் முப்பத்தேழு, அனுப்பியது '35'. கடைகளில் அரை கிராம் பிசகினால் சீல் வைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவன், வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் மனைவிக்குப் பொய் எடை போட்டேன். சனிக்கிழமை முப்பத்தெட்டு. சாமந்தி சுருங்கி, வாய் பிளந்து, பாதம் பாறையிலிருந்து பாதி விட்டுத் தொங்கியது. நான் நினைத்தது ஒரு சின்ன முகவாட்டம். இது அப்படி இல்லை. போனில் என் குரல் நடுங்கியது நடிப்பல்ல.

வந்தாள். தன் புது வீட்டுக் கருவியையும் கொண்டு வந்திருந்தாள். ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள், துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு என் கருவியை எடுத்துப் பார்த்தாள். இரண்டும் முப்பத்தெட்டு. போனைத் திறந்து காலையில் நான் அனுப்பியதைப் பார்த்தாள்.

"தராசுக்காரர் வீட்டு மீட்டர் பொய் சொல்லாது" என்றாள். "அப்ப யார் சொன்னது?"

"நான்தான்" என்று நீலக் கேனைக் காட்டினேன்.

"ஏன்?"

"நீ வருவேன்னு."

அவள் முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அம்மாவைச் சொன்னதுக்காக நான் போகல" என்றாள் கடைசியில். "அம்மா இருந்திருந்தா அவளும் சிரிச்சிருப்பா. நீங்க அதைச் சொல்லிட்டு எல்லார் மூஞ்சியையும் பாத்தீங்க, யார் யார் சிரிக்கிறாங்கன்னு. என் மூஞ்சியை மட்டும் பாக்கல."

"தப்புதான்" என்றேன். "அன்னிக்கு சொன்னதும் தப்பு, இந்த ஆறு நாளும் பண்ணதும் தப்பு. அத்தை போனதுல எனக்கும் துக்கம் இருந்துச்சு. எப்படி வெளிய விடறதுன்னு தெரியல, வழக்கம்போல வாயால விட்டேன்."

அவள் வெள்ளைக் கேனைக் காட்டி, "ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல இறக்கக் கூடாது. மூணு நாள் ஆகும். நான் வரமாட்டேன். நீங்களே பண்ணுங்க, உண்மையான நம்பரை அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

முப்பத்தேழு. முப்பத்தாறு. முப்பத்தைந்து. மூன்று நாளும் பதில் இல்லை. அன்றிலிருந்து நான் அதை மாமியார் என்று சொல்வதை விட்டேன்.

அடுத்த ஞாயிறு மதியம் பார்த்தால், சாமந்தி தன் பாதத்தைப் பெரிய பாறையில் ஒரு பக்கமும், பக்கத்தில் இருந்த சின்னக் கல்லில் ஒரு பக்கமும் ஊன்றிக்கொண்டு, நடுவில் இழுபட்டு நின்றது. பார்க்கப் பார்க்க நடுப்பகுதி மெலிந்தது. சதை கிழிந்து நூல் நூலாகத் தெரிந்தது. அவளுக்குப் போன் போட்டு, "நான் அதைக் கொன்னுட்டேன்" என்று அழுதேன். ஐம்பத்திரண்டு வயதில் போனில் விக்கி விக்கி அழுவது பார்க்கச் சகிக்காது, நல்ல வேளை யாரும் பார்க்கவில்லை.

அவள் வந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சாகல" என்றாள். "ரெண்டாகுது."

நான் அப்படியே நின்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்து, வேலையில் பேசும் அதே குரலில், "மூச்சை விடுங்க" என்றாள். அப்போதுதான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். விளக்கு மங்கும் நேரத்தில் கடைசி நூலும் அறுந்து, இரண்டு துண்டும் தனித்தனியாகச் சுருண்டுகொண்டன. மறுநாள் வண்ணமீன் கடைக்காரரிடம் கேட்டேன். "சில சமயம் நல்லா வளர்ந்தா பிரியும் சார், சில சமயம் உசிருக்குப் பயந்து பிரியும்" என்றார். எங்கள் வீட்டில் நடந்தது எது என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

ஒரு மாதத்தில் இரண்டுக்கும் தனித்தனி வாய் வந்தது. உள்ளங்கை அளவில் இரண்டு சாமந்திகள், கோமாளி மீன்கள் காலையில் ஒன்றிலும் மாலையில் இன்னொன்றிலும் படுத்தன. அதற்குள் அவளுடைய ஆறு மாதமும் முடிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை மூடி போட்ட வாளியும் காற்றடிக்கும் சின்ன மோட்டாரும் கொண்டு வந்தாள். பாதத்தைப் பிடித்து இழுத்தால் கிழிந்துவிடும் என்பதால், சின்னக் கல்லோடு சேர்த்து ஒன்றை எடுத்து வாளியில் வைத்தாள்.

"அது உங்களுக்கு" என்று பாறையில் இருந்ததைக் காட்டினாள்.

முழுதாக எடுத்துக்கொண்டு போயிருந்தால்கூட, ஏதாவது சாக்கு வைத்துப் பார்க்கப் போயிருப்பேன். இப்போது கணக்காக ஆளுக்கொன்று. நான் செய்த திருட்டுத்தனமே அதை இரண்டாக்கி, அவள் இங்கே வருவதற்கு இருந்த ஒரே காரணத்தையும் அவள் கையிலேயே எடுத்துக் கொடுத்துவிட்டது. 'இரு' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஸ்பீட் பிரேக்கர்ல வாளி குலுங்கும். மெதுவா போகச் சொல்லு" என்றேன்.

"இனிமே நம்பர் அனுப்ப வேண்டாம்" என்றாள். "உங்களுக்கே எல்லாம் தெரியுது."

அனுப்பவில்லை. ஆனால் ஏழு மணிக்கு ஒரு சொட்டு விட்டுப் பார்த்து நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினேன். முப்பத்தைந்து, முப்பத்தைந்து, முப்பத்தைந்து. முக்காலியில் இப்போது நான்தான் உட்காருகிறேன். சாமந்தி விரியும்போது சொல்ல ஆள் இல்லை, சுருங்கும்போது கூப்பிடக் காரணம் இல்லை. தினமும் கோட்டுக்குக் கீழே இறங்கும் தண்ணீருக்கு வெள்ளைக் கேனை எடுத்து ஊற்றுவேன். ஊற்றும்போதெல்லாம் அவள் சொன்னது ஞாபகம் வரும், உப்பு எங்கயும் போகாது, உள்ளயேதான் இருக்கும் என்று. அந்த இருபத்தாறு வருஷமும் எனக்குள் அப்படியேதான் இருந்தது.

ஐந்தாவது வாரம், சனிக்கிழமை காலை பத்து மணி. ஒரு கடையில் தராசைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"என்னங்க" என்றாள்.

கையில் இருந்த ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தேன்.

"என்னங்க, இங்க இது சுருங்கிடுச்சு. காலையிலேருந்து அப்படியே கிடக்கு."

"நம்பர் பாத்தியா?"

"முப்பத்தஞ்சு."

"சூடு?"

"இருபத்தாறு. சரியாத்தான் இருக்கு."

"பம்புக்கு ஸ்பாஞ்ச் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

எல்லாம் சரியாக இருந்தது. நான்காம் பக்கம் என் கண் முன்னால் நின்றது, அவள் கையெழுத்து, அவள் போட்ட அடிக்கோடு. 'பயப்படாதே, பழைய தண்ணியைத் தள்ளுது, சாயங்காலத்துக்குள்ள விரிஞ்சிடும்' என்று நான் சொல்லலாம். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். 'எழுதினவளுக்கே மறந்துபோச்சா' என்று ஒரு கேலியும் தயாராக வந்து நின்றது. அதை உள்ளே தள்ளினேன்.

"நான் வரட்டுமா?" என்றேன். கேட்டே விட்டேன்.

அவள் தொட்டியின் பம்பு ஓடுவது போனில் கேட்டது.

"வாங்க" என்றாள். "சாயங்காலத்துக்குள்ள வந்துடுங்க."